டிராக்டர் வாடகை நோட்டு

(தூத்துக்குடியில் விவசாயிகளும் வாசகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய டிராக்டரைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், அதில் ஒரு கூட்டம் போட்டுப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. தூத்துக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முத்து, உப்பு, துறைமுகம், மக்ரூன். இந்த ஊருக்கு மேற்கேயும் வடக்கேயும் கரிசல் காடு பரந்து கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கரைக்குச் சரக்கு கொடுத்தது அந்தக் காடுதான். 'திருநெல்வேலிப் பருத்தி' என்று சீமை வரைக்கும் பெயர் வாங்கிய பஞ்சு இங்கிருந்துதான் கப்பல் ஏறியது. மருந்துக்குப் போகிற நிலாவரை இலை இங்கிருந்து போனது. மிளகாயும் வெங்காயமும் தோணியில் கொழும்புக்குப் போயின. 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தத்தை நாம் மறக்கவில்லை. அவர் ஒட்டப்பிடாரத்துக்காரர், அந்த மில்லுக்குப் பஞ்சு விளைவித்த மண்ணில் பிறந்தவர். கப்பலின் கதையை நாம் நிறையச் சொல்லியாகிவிட்டது. காட்டின் கதையில் ஒரு துண்டை இன்றைக்குச் சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் 1955-இலிருந்து ஆண்டுதோறும் நடந்துவந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தொழில் மீளவே இல்லை. அதே 1961-இல் சென்னை செம்பியத்தில் டாஃபே தொழிற்சாலையிலிருந்து மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் வெளிவரத் தொடங்கின. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1959-இல், ஃபரிதாபாத்தில் ஐஷர் தன் முதல் டிராக்டரைச் செய்திருந்தது. 1961-62-இல் இந்தியா முழுக்கத் தயாரான டிராக்டர்கள் வெறும் 880. இன்றைக்கு ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேல் விற்கிறது. கடலில் ஒரு தொழில் முடிந்த வருஷத்தில் நிலத்தில் ஒரு காலம் தொடங்கியது. இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் ஊர் ஒட்டப்பிடாரத்துக்கு வடக்கே ஒரு மானாவாரிக் கிராமம். கிணறு உண்டு, தண்ணீர் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கடன் போட்டு ஒரு மாஸி ஃபெர்குசன் 1035 வாங்கினார்கள். சிவப்பு வண்டி, மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். கோவில்பட்டியிலிருந்து பெரியப்பா அதை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆச்சி சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மட்கார்டில் மூன்று விரலால் திருநீறு பூசினாள். உழவு மாட்டுக்கு மாட்டுப்பொங்கலன்று என்ன மரியாதையோ அத்தனையும் அதற்குக் கிடைத்தது. சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டும்போது மாடுகளுக்குப் பின்னால் அந்த வண்டியும் மாலையோடு நின்றது. இன்றைக்குக் கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் பொன்னேருக்கு மாடுகளோடு டிராக்டர்களும் வரிசையாக வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த வண்டியோடு வளர்ந்தவர்களுக்கு அதன் சின்னச் சின்ன சங்கதிகள் மறக்காது. மழை வருகிற மாதிரி இருந்தால் சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடுக்காட்டில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டால், கேனில் கொண்டுவந்து ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாயில் காற்று ஏறியிருக்கும். 'ஏர் எடுக்கணும்' என்பார் பெரியப்பா. ஃபில்டர் மேல் இருக்கிற நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கைப்பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரைநுரையாகக் கசியும். நுரை அடங்கி டீசல் கம்பியாக வந்ததும் நட்டை முடுக்க வேண்டும். அண்ணன் ஸ்பானர் பிடிப்பான். பம்பு அடிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் காற்றழுத்தம் பற்றி வாத்தியார் பாடம் நடத்தியபோது எனக்கு அது புது விஷயமாகவே தெரியவில்லை.

அந்த வண்டிக்குப் பெயர் கொடுத்த ஹாரி ஃபெர்குசனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1884-இல் அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து டிராக்டர்கள் கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் முன்சக்கரம் தூக்கும். வண்டி அப்படியே மல்லாந்து ஓட்டுகிறவர் மேல் விழும். செத்தவர்கள் பலர். ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று இடத்தில் பூட்டினார்: கீழே இரண்டு கை, மேலே ஒன்று. மண் இறுகிக் கலப்பை திணறும்போது மேல் பூட்டு அழுத்தப்படும். அந்த அழுத்தம் ஹைட்ராலிக்குக்குப் போய்ச் சேர்ந்து, கலப்பை தானாகச் சற்று மேலே எழும். எழும்போது அதன் பாரம் பின்சக்கரத்தில் இறங்கும். சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கும். முன்சக்கரமும் தூக்காது. 1946-லிருந்து 1956 வரை இங்கிலாந்தில் செய்த அவருடைய சின்னச் சாம்பல் நிற வண்டி 5 லட்சத்துக்கு மேல் போயிற்று. இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று பூட்டு இருக்கும். பெரியப்பா ஃபெர்குசன் பெயரை வண்டியின் நெற்றியில் பார்த்ததோடு சரி. ஆனால் கலப்பை எழுந்து இறங்குவதை முதுகாலேயே கண்டுபிடித்துவிடுவார். மண் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே பழைய வரப்பு புதைந்து கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

கரிசல் மண்ணின் குணம் தெரியாமல் இந்த வண்டியின் அருமை புரியாது. கரிசல் மழை குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழும். மழை விழுந்த மறுநாள் காட்டில் கால் வைக்க முடியாது, களி காலைப் பிடித்துக்கொள்ளும். டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். பிறகு கொஞ்ச நாள் வெயில் கூடுதலாக அடித்துவிட்டால் இறுகிவிடும். நடுவில் கிடைக்கிற அந்தச் சில நாள்தான் பதம். நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த நேரத்துப் பதத்தைத் தவறவிட்டால் வருஷம் போச்சு. ஒரு ஜோடி மாட்டை வைத்து ஒரு நாளில் ஒரு ஏக்கர் முடிப்பதே பெரும்பாடு. டிராக்டரோ இரவும் பகலும் ஓடினால் பதம் போவதற்குள் ஊரில் பாதியை உழுதுவிடும். கோவில்பட்டியில் 1901-லிருந்து இருக்கிற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பருவமழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிற முறையைச் சொல்லிக்கொடுத்தது. கோடை உழவை ஆழமாக, நேரத்தோடு முடித்திருந்தால்தான் அது நடக்கும். கரிசல்காரனுக்கு டிராக்டரால் கிடைத்த பெரிய லாபம் நாள்தான்.

அந்தப் பதம்தான் சண்டைக்கும் காரணம். எல்லாப் புஞ்சைக்கும் ஒரே நாளில் பதம் வரும். ஊரில் வண்டி ஒன்று. விடியுமுன்னே வாசலில் ஆள் நிற்கும். யாருக்கு எப்போது சொன்னோம் என்று தகராறு வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெரியப்பா ஒரு நோட்டுப் போட்டார். சிவப்புக் காலிகோ அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. வண்டி இருந்த காலம் முழுக்க அந்த வரிசை நோட்டுகள் எழுதப்பட்டன. அவர் காலத்துக்குப் பிறகு அவை என் கைக்கு வந்தன. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த நோட்டுகளைப் பற்றித்தான்.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். இடது ஓரத்தில் 'புரட்டாசி 22'. அதற்கடுத்து ஆள். பல இடங்களில் பெயர் இருக்காது. 'பள்ளிக்கூடத்து வீட்டு மதினி', 'உப்பளத்துக்குப் போறவர் தகப்பனார்' என்று இருக்கும். அப்புறம் புஞ்சையின் பெயர்: பனையடி, ஊருணிக்காடு, மொட்டைப்புளி. பிறகு வேலை: 'ஒன்பது கொக்கி, ரெண்டு சால்', அல்லது 'சட்டிக் கலப்பை', அல்லது 'டிரெய்லர், பருத்தித் தாட்டு, கோவில்பட்டி'. மணிக்கணக்கு. கடைசியில் ரூபாய், அல்லது 'பாக்கி, பருத்தி எடுத்ததும்'. ஓரத்தில் பென்சிலால் மழை: 'ராத்திரி ஒரு உழவு மழை'. இவ்வளவுதான்.

இந்த நாலு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பனையடி, ஊருணிக்காடு என்கிற பெயர்கள் பட்டாவில் கிடையாது. பட்டாவில் சர்வே எண்தான் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்ட தலைமுறை போய்விட்டால் அவை இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கும். எந்த வருஷம் கம்பும் நாட்டுப் பருத்தியும் குறைந்தது, எப்போது உளுந்தும் பாசியும் ஏறியது, மக்காச்சோளம் எப்போது ஊருக்குள் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வண்டி ராத்திரியில் டிரெய்லரோடு எட்டயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனதும், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஊரையே ஏற்றிக்கொண்டு போனதும் இருக்கிறது. அந்த வரிகளுக்கு நேரே ரூபாய் எழுதவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நோட்டில் பெயர்களின் வரிசையைப் பார்த்தால் ஊரின் வரிசை தெரியும். பெரிய சம்சாரிகள் முதலில். கிழக்குத் தெருக்காரர்களின் துண்டுப் புஞ்சைகள் கடைசியில், பதம் போன பிறகு. இயந்திரம் வந்தால் ஏற்றத்தாழ்வு குறையும் என்பார்கள். வண்டி தானாக எதையும் குறைக்கவில்லை. ஒரு வருஷம் கிழக்குத் தெருப் பெண்கள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் வீட்டுப் பருத்தியை எடுக்கிறவர்கள் அவர்கள்தான். "எங்க புஞ்சைக்கு வண்டி வந்தாத்தான் உங்க புஞ்சைக்கு ஆள் வரும், அண்ணாச்சி" என்றார்கள். பெரியப்பா இறங்கிவந்து பேசினார். அந்த வருஷத்துப் பக்கத்திலிருந்து நோட்டின் வரிசை மாறுகிறது: ஆள் பார்த்து இல்லாமல், புஞ்சை கிடக்கிற திசை பார்த்து. வண்டி ஒரு கோடியில் இறங்கினால் வழியில் இருக்கிற எல்லாக் காட்டையும் உழுதுவிட்டு மறு கோடியில் ஏறும். டீசலும் மிச்சம். எங்கள் ஊரில் அதிகாரத்தின் போக்கு மாறியதற்கு அந்த ஒரு பக்கத்தைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்களைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். டிராக்டர் குறைத்தது பெரும்பாலும் ஆண்களின் வேலையை. உழவு ஆணுடையது, களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பெண்ணுடையது. உழவு சுலபமானதும் விதைத்த பரப்பு கூடியது. பரப்பு கூடியதும் களை கூடியது. குனிந்து களை பறித்தவர்களுக்கு எந்த வண்டியும் வரவில்லை. ஏர் ஓட்டிக் கூலி வாங்கியவர்களுக்கு வேலை போயிற்று. சிலர் உப்பளத்துக்குப் போனார்கள். சிலர் இந்த ஊர்த் துறைமுகத்துக்கு வந்தார்கள். 1974-இல் இது பெருந்துறைமுகமாக ஆன பிறகு இங்கே ஆள் தேவைப்பட்டது. பெண்கள் பலர் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுகளுக்குப் போனார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த பல குடும்பங்களின் வேர் டிராக்டர் வந்து மாடு விற்ற ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிறது. உங்களில் பலருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாடு விற்றது எங்கள் வீட்டிலும் நடந்தது. மாட்டுத்தாவணிக்கு ஓட்டிப் போனபோது அம்மா பின்வாசல் பக்கம் போய்விட்டாள். மாடு போனதும் குப்பைக்குழி வற்றியது. உரத்துக்குக் கடைக்குப் போக வேண்டி வந்தது. இதே தூத்துக்குடியில் ஸ்பிக் தொழிற்சாலை 1975-லிருந்து யூரியா உற்பத்தி செய்தது. அந்த மூட்டையை எங்கள் ஊருக்கு இழுத்து வந்ததும் அதே டிராக்டர்தான். நோட்டில் 'டிரெய்லர், உரம்' என்கிற வரிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன.

பிறகு கடன். இதை விட்டுவிட்டு டிராக்டரைப் பற்றிப் பேசினால் அது பாதிக் கதை. இரண்டு வருஷம் வானம் பொய்த்தால் தவணை நிற்கும். தவணை நின்றால் ஜீப் வரும். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். இடைசெவல்காரரான அவருக்கு ஜப்தி என்பது கற்பனை இல்லை. எங்கள் காலத்தில் கதவு இருந்த இடத்தில் டிராக்டர் இருந்தது. கடன் கொடுத்த இடத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் வண்டியையும் ஒரு முறை எடுத்துக்கொண்டு போனார்கள், விதைப்புக்குச் சரியாக முன்னால். கடனைக் கட்ட வேண்டிய வண்டியை உழவு நேரத்தில் பூட்டி வைத்தால் கடன் எப்படி அடையும் என்று அப்பா கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஊரார் பணம் புரட்டித்தான் மீட்டார்கள். புரட்டியவர்களின் பெயர்களும் நோட்டின் பின்னட்டையில் இருக்கின்றன. அந்த நாட்களில்தான் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் குரல் எங்கள் பக்கத்திலும் எடுபட்டது. மின் கட்டணத்துக்கும் கடனுக்கும் ஜப்திக்கும் எதிராக ஊர் ஊராகப் போன அந்த மனிதர் 1984 டிசம்பரில் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில்தான் இறந்துபோனார். அவருடைய மணிமண்டபம் கோவை மாவட்டம் வையம்பாளையத்தில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது முத்துக்குளிப்புக்கு வருகிறேன். அந்தத் தொழில் நின்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறதே, எப்படி? எட்கர் தர்ஸ்டன் எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் எழுதினார். எத்தனை வள்ளம் போயிற்று, எந்தப் பாரில் சிப்பி கிடைத்தது, ஆயிரம் சிப்பி என்ன விலைக்கு ஏலம் போயிற்று என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. அரசாங்கம் ஏன் இத்தனை கவனமாகக் கணக்கு வைத்தது? சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூழ்கி எடுத்த பரதவருக்கும் கீழக்கரை முஸ்லிமுக்கும் மூன்றில் ஒன்று. பங்கு வாங்குகிறவன் கணக்கு வைப்பான். டிராக்டர் வாடகையில் அரசாங்கத்துக்குப் பங்கு கிடையாது. எத்தனை ஏக்கரில் பருத்தி, எத்தனை ஏக்கரில் சோளம் என்று தாலுகா ஆபீசில் இருக்கும். அதை யார் எந்த நாளில் உழுதார்கள், யாருக்கு முன்னால் யாருக்கு, எவ்வளவு கடனில் என்பது எந்த ஆபீசிலும் இருக்காது. அது பெரியப்பாக்கள் எழுதிய நோட்டில்தான் இருக்கிறது. மானாவாரி விவசாயத்தின் அறுபது வருஷ வரலாறு பரணில் கிடக்கிறது என்று நான் சொல்வதில் ஒரு மிகையும் இல்லை.

அந்த நோட்டுகளைக் காப்பாற்ற அவசரமும் வந்துவிட்டது. 2018-இல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றபோது, இது எங்கள் காட்டுக்கு எப்போது வந்த பயிர், அதற்கு முன்னால் அந்தப் புஞ்சையில் என்ன விளைந்தது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பதில் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் ஆத்தூரும் தண்ணீருக்குள் போயின. மீனவர்கள் வள்ளத்தோடு வந்து ஆட்களைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி நிலத்துக்காரர்களுக்கு என்றைக்கும் இருக்க வேண்டும். வாழையும் நெல்லும் போயிற்று என்று கணக்கெடுத்தார்கள். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிக் கூழான காகிதத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. தாமிரபரணிப் பாசனத்தின் எத்தனை குடும்பக் கணக்குகள் அந்த இரண்டு நாளில் அழிந்தனவோ!

எங்கள் வண்டியைப் பல வருஷம் முன்பே விற்றுவிட்டோம். வாங்கியவர் அதைத் தண்ணீர் டேங்க் இழுக்கத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இயந்திரம் உழைக்கிற இடத்தில் இருப்பதுதான் சரி. புஞ்சையில் பாதியில் இன்று வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. மீதியை வாடகை வண்டி வந்து உழுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர் வாடகைக்கு விடுகிறது. பதிவெல்லாம் இப்போது செல்போனில். நல்லதுதான். ஆனால் செல்போன் பதிவில் 'பள்ளிக்கூடத்து வீட்டு மதினி' இருக்க மாட்டாள், 'ஒரு உழவு மழை' இருக்காது.

கல்லூரிப் பிள்ளைகளிடமும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். டிராக்டர் வாடகை நோட்டு, கதிரடிப்பு நோட்டு, பருத்தி எடை நோட்டு, எது இருந்தாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போட விடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புஞ்சைப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை உங்கள் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிட்டு, அதன் முதல் பக்கத்தில் அதை எழுதியவரின் பெயரையும் ஊரையும் போடுங்கள். என்னிடம் இருக்கிற நோட்டுகளை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற மேஜையில் இருக்கும். வந்து புரட்டிப் பாருங்கள்.